பிள்ளையின் இடப்பக்கம்: டாக்டர் தெய்வானை நினைவாக

செவ்வாய்க்கிழமை மதியம் அந்தச் செய்தி வந்தபோது, டாக்டர் தெய்வானை புதன்கிழமை வரமாட்டார் என்று ஒவ்வொரு நோயாளியாக அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு பேர் பாக்கி. அப்போது வாளையாரிலிருந்து அவருடைய தம்பி அழைத்தார். "ஏனுங்க, மேரி சிஸ்டருங்களா? அக்கா போயிட்டாங்க. சோறு உண்டுபோட்டு நாற்காலியில உக்காந்தாங்க. அவ்வளவுதானுங்க."

அவரை அறிந்த நீங்கள் இதைக் கேட்டால் என்ன நினைப்பீர்கள் என்று தெரியவில்லை. நோயாளிகளை வேறொருவரிடம் மாற்றச் சொன்னவர் டாக்டர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூணாறு ஸ்கேன் மையத்தைப் பூட்டிக்கொண்டிருந்தோம். கைப்பையைத் தோளில் போட்டவர் திரும்பி நின்று, "சிஸ்டர், அடுத்த வாரம் வர்றவங்களை வேற டாக்டருக்கு மாத்திடுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "தெரியலீங்க. யாரோ லைட்டை அணைக்க எந்திரிச்சுப் போற மாதிரி இருக்குது." நான் விடவில்லை. ஊருக்குப் போனதும் நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்வதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற்றினேன். சனிக்கிழமையே போய்ப் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு அவர் கைப்பையிலேயே இருந்தது.

பதினோரு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்தவள் நான். வாளையார்க்காரர். கொங்குப் பேச்சு. புதன் முதல் வெள்ளி வரை மூணாறில் தங்கி, தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்ப்பார். மற்ற நாட்கள் சொந்த ஊரில். யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. கருவிலிருக்கும் பிள்ளையைக்கூட, "கொஞ்சம் திரும்புங்க சாமி, முதுகைப் பாக்கோணும்" என்பார். சில பிள்ளைகள் திரும்பவும் செய்தன. தற்செயல்தான் என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு மறுபடியும் கேட்பார்.

அந்த அறை உங்களில் பலருக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கருப்புத் திரை. விளக்கை அணைத்தால் ஸ்கேன் திரையின் நீல வெளிச்சம் மட்டும்தான். மழைக்காலத்தில் மதியம் மூன்று மணிக்கெல்லாம் பனிமூட்டம் படியேறி வந்து கதவடியில் நுழையும். சுவரில் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை: பிறக்கும் முன் ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது. டாக்டர் தெய்வானையைப் பற்றி நான் சொல்லவந்த விஷயத்துக்கு அந்தப் பலகையும் ஒரு காரணம்.

சூரியநெல்லியிலிருந்து செல்வராணி முதன்முதலாக வந்த நாள் அப்படியொரு மூட்டமான மதியம். தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. கணவன் முருகேசன் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன், வெளியே பெஞ்சில் இருந்தான். டாக்டர் பிள்ளையின் தலையை அளந்தார், தொடை எலும்பை அளந்தார், நான் எழுதினேன். பிறகு அவர் கை நின்றது. கருவியைச் சற்றுச் சாய்த்து அதே இடத்தை மறுபடி பார்த்தார். பிள்ளையின் அடிவயிற்றில் ஒரு வட்டம் தெரிந்தது. ஸ்கேனில் நீர் கருப்பாகத்தான் தெரியும். இது வரைந்து வைத்தது போன்ற கருவட்டம், எலுமிச்சம்பழம் அளவு. பிறக்காத பிள்ளையின் வயிற்றில் அது பெரிய அளவு. அதன் ஓரத்தில், உள்பக்கமாக, இன்னொரு சின்ன வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் வாய் திறக்கவில்லை. செல்வராணி படுத்திருந்த இடத்திலிருந்து திரை தெரியாது. கூரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"எடப்பக்கமா இருக்கு, இல்லியா டாக்டரம்மா?"

டாக்டர் கருவியை எடுக்காமலே, "எதுங்க?" என்றார்.

"என் எடப்பக்கம் இல்ல. பிள்ளைக்கு எடப்பக்கம்."

பிள்ளை தலைகீழாக, முதுகைத் தாயின் முதுகுப் பக்கம் வைத்துக் கிடந்தது. அதற்கு எது இடம், எது வலம் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருந்தது. அவள் சொன்னது சரி. "எப்படிங்க தெரியுது?" என்று டாக்டர் கேட்டார். "தெரியுது" என்றாள் செல்வராணி.

அவளை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னது இது: "கட்டிக்குள்ள ஒரு குட்டிக் கட்டி பாத்தீங்களா? அது இருந்தா அனேகமா சினைப்பைதானுங்க. அம்மா உடம்பில ஊறுற சுரப்பு பிள்ளையோட சினைப்பையையும் தூண்டிவிடும், அதுல நீர் கோத்துக்கும். பிறந்து அம்மாகிட்ட இருந்து பிரிஞ்சா, முக்கால்வாசி தானா வத்திப்போகும்."

சினைப்பை என்றால் பெண்பிள்ளை. அதைச் சொன்னால் சட்டப்படி சொல்லக் கூடாததைச் சொன்னதாகிவிடும். எனவே டாக்டர் அறிக்கையில் 'குழந்தையின் அடிவயிற்றில் நீர்க்கட்டி' என்று மட்டும் எழுதச் சொன்னார். கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கு அறுவை செய்யும் தனக்குத் தெரிந்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து மீதியைப் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். ஊசி போட்டு நீரை இப்போதே எடுத்துவிடலாமா என்பதுதான் பேச்சு. எடுத்தால் கட்டி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து குறையலாம். ஆனால் கருப்பைக்குள் ஊசி போனால் நீர்க்குடம் உடையலாம், பிரசவவலி முன்கூட்டியே வரலாம், கட்டி மறுபடி நிரம்பலாம். வெகுநேரம் பேசிவிட்டு, "பொறுத்துப் பாக்கலாங்க. ரெண்டு வாரத்துல மறுபடி பாக்குறேன்" என்று முடித்தார். கடைசியில் முடிவு சொன்னது அவர்தான். பின்னால் அவர் இதை மறைத்ததே இல்லை.

முருகேசனையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். "வயித்துல கட்டின்னா, எதுல டாக்டரம்மா?"

"அது பிறந்தப்புறம்தான் உறுதியாச் சொல்ல முடியுங்க. இப்போதைக்கு நீர்க்கட்டி. பிள்ளை நல்லா வளர்ந்திருக்குது."

தோட்டத்தில் தொழிலாளர்கள் வசிக்கும் லயங்களில் வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்பவை. அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போயிருக்கும். அடுத்த வாரமே அவன் தனியாக வந்து நின்றான். சவாரி இருக்கிறது என்று அவசரத்தில் இருந்தான், ஆனாலும் போகவில்லை. "டாக்டரம்மா, லயத்துல எல்லாரும் ஒரு மாதிரி பேசுதாக. உள்ள ரெண்டு பிள்ளை இருந்துச்சாம். ஒண்ணு இன்னொண்ண முழுங்கிருச்சாம். அதான் வயித்துல உருண்டையா நிக்கிதாம்."

டாக்டர் அவனை உட்காரச் சொன்னார். காகிதத்தில் வட்டம் வரைந்து, தண்ணீர் நிரம்பிய பை என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். அவன் தலையாட்டினான். எழுந்து கதவருகே போனவன் திரும்பி, "ஆனா அவ அதுகிட்ட பேசுதா டாக்டரம்மா" என்றான். "பிள்ளைகிட்ட இல்ல. அதுகிட்ட."

"என்ன பேசுறாங்க?"

"அசையாம இருன்னு."

அவன் ஜீப் சத்தம் மறைந்ததும் டாக்டர் வட்டம் வரைந்த காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை நடந்ததை எழுதாமல் இந்த நினைவஞ்சலியை முடிக்க எனக்கு உரிமையில்லை. அன்று டாக்டர் வாளையாரில் இருந்தார். மையத்தில் நான் மட்டும். நடுமதியம் செல்வராணி அழைத்தாள். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாளாம்.

"சிஸ்டர், உள்ள எதையோ பிடிச்சு முறுக்கி விட்ட மாதிரி இருந்துச்சு."

"வலிக்குதா?"

"எனக்கு இல்ல சிஸ்டர். பிள்ளைக்குத்தான் வலிக்கு."

நான் சிரித்துவிட்டேன். "பிள்ளைக்கு வலிக்கிறது உனக்கு எப்படிம்மா தெரியும்?" பிள்ளை அசைகிறதா என்று கேட்டேன், அசைகிறது என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு இடப்பக்கமாகப் படு, வியாழக்கிழமை ஸ்கேன் இருக்கிறதே என்று சொல்லி வைத்துவிட்டேன். டாக்டரை அழைக்க எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் மறந்தும் போனேன்.

வியாழக்கிழமை டாக்டர் கருவியை வைத்த இடத்தில் கட்டி இல்லை. பிள்ளையின் இடப்பக்கம் சுத்தமாக இருந்தது. வத்திவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். டாக்டர் நம்பாமல் தேடிக்கொண்டிருந்தார். அப்போது செல்வராணி, முன்பு போலவே கூரையைப் பார்த்தபடி, "அங்க இல்ல டாக்டரம்மா" என்றாள். "வலப்பக்கம் வந்திருச்சு."

டாக்டர் கருவியை நகர்த்தினார். பிள்ளையின் வலப்பக்கத்தில், இடுப்பெலும்புக்கு மேலே, அது இருந்தது. ஆனால் பழைய கருப்பு இல்லை. கருப்பு நீருக்கடியில் சாம்பல் படிந்தது போல ஒரு மட்டம் தெரிந்தது. பிள்ளை சற்று அசைந்ததும் அந்தச் சாம்பல் மெல்லக் கலங்கி மறுபடி படிந்தது. பிள்ளையின் முகமும் அதே நேரம் திரையின் ஓரத்தில் வந்தது. கண் திறந்திருந்தது. எட்டாம் மாதத்துப் பிள்ளை கண் திறக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்று நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"முறுக்கிக்கிச்சுங்க" என்றார் டாக்டர், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். பிறகு செல்வராணியிடம், "எப்போ இருந்துங்க இப்படி?"

"திங்கக்கெழம மத்தியானம். சிஸ்டர்ட்ட சொன்னேனே."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியில் இரண்டு சின்ன நீலத் திரைகள் மட்டும் தெரிந்தன. மறுபடி திரைப் பக்கம் திரும்பி வேலையை முடித்தார்.

அன்று மற்ற நோயாளிகள் எல்லாரும் போனபிறகு நானே பேச ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "அன்னைக்கே வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுங்க சிஸ்டர். கருவுக்குள்ள முறுக்கிக்கிட்ட பையை நம்ம கையால திருப்ப முடியாது." எனக்கு மூச்சு வந்தது. அவர் நிறுத்தவில்லை. "ஆனா முடியாதுன்னு தெரிஞ்சது எனக்கு. உங்களுக்குத் தெரியாது. தெரியாமயே சிரிச்சிருக்கீங்க."

அதன்பிறகு அவர் அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. ஆனால் மறுநாளே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவந்து என் மேசையில் வைத்தார். "படுக்க வெக்கறதுக்கு முன்னால ஒவ்வொருத்தரையும் கேளுங்க, உங்களுக்கு என்ன தோணுதுன்னு. சொல்றதை அவங்க வார்த்தையிலயே எழுதுங்க. நேரத்தையும் போடுங்க. திருத்த வேண்டாம்." தாய்க்கு அதெல்லாம் தெரிய வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டேன். "புத்தகத்துல இல்லைங்க. நான் பாத்துட்டேன். புத்தகத்துல இல்லைன்னா இன்னும் யாரும் கேக்கலைன்னும் அர்த்தம் இருக்கலாமல்ல?"

பிரசவத்துக்குச் செல்வராணியைக் கோயம்புத்தூருக்கே அனுப்பினார். அவள் கேட்டுக்கொண்டதால் நானும் விடுப்பெடுத்துப் போனேன். கேட்டிராவிட்டாலும் போயிருப்பேன். சுகப்பிரசவம். பெண் குழந்தை. வீறிட்டு அழுத குழந்தையை அறுவை மருத்துவர் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டர் தெய்வானை வாளையாரிலிருந்து வந்து சேர்ந்தார். கதவருகே நின்று, "வந்துட்டீங்களா சாமி" என்றார். குழந்தை அழுகையை நிறுத்திக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. கருவில் கேட்ட குரலைப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்ளும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்று கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு ஸ்கேன் எடுக்கக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரும் கூடவே போனார். நான் மேலே செல்வராணியுடன் இருந்தேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மேல ஏறிருச்சு சிஸ்டர்."

இந்தமுறை நான் சிரிக்கவில்லை. "எதுவரைக்கும்?" அவள் தன் வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். சிறிது நேரத்தில் டாக்டர் படியேறி வந்தார். "ஈரலுக்குக் கீழ போயிருக்குதுங்க" என்று அவர் தொடங்கியதும் நான் நோட்டை நீட்டினேன். படித்தார். நின்றுகொண்டிருந்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நடந்த அறுவையில் தெரிந்ததை அந்த மருத்துவர் எங்கள் மூவருக்கும் சொன்னார். தொப்புள் வழியாகவே எடுத்துவிட்டார். முறுக்கிய சினைப்பை இரத்த ஓட்டம் நின்று, காம்பறுந்து, வயிற்றுக்குள் எதிலும் ஒட்டாமல் மிதந்துகொண்டிருந்தது. அதனால்தான் அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. குழந்தை உருளும் பக்கமெல்லாம் அதுவும் போயிருக்கிறது. கட்டி நகர்ந்ததற்கு இப்படி ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. செல்வராணிக்குத் தெரிந்ததற்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் செல்வராணியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எந்த மருத்துவரும் அவளிடம் சொல்லக் கடமைப்படாததைச் சொன்னார்.

"ஊசி போட்டு நீரை முன்னாடியே எடுத்திருக்கலாமுங்க. வேண்டாம்னு முடிவு பண்ணினது நான். எடுத்திருந்தா ஒருவேளை அந்தச் சினைப்பை தப்பிச்சிருக்கும்."

செல்வராணி குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எடுத்திருந்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்லா?"

"தெரியலீங்க."

"இன்னொண்ணு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குது. அது ஒண்ணே போதும். நாளைக்குப் பெரியவங்களாகி, அவங்களும் பிள்ளை பெத்துக்கலாம்."

"அப்ப அதையாவது பாத்துக்கிடுங்க டாக்டரம்மா."

டாக்டர் சரி என்றார். அவர் 'சரி' என்றால் அதற்குப் பொருள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை சூரியநெல்லியிலிருந்து அந்தக் குழந்தை வரும். ரோசினி என்று பெயர். டாக்டர் அந்த ஒற்றைச் சினைப்பையைப் பார்ப்பார், அளந்து சொல்வார், நான் எழுதுவேன். அத்தனை அடிக்கடி பார்க்கத் தேவையில்லை என்று கோயம்புத்தூர் மருத்துவர் சொன்னதாகவும் கேள்வி. "தேவைக்குப் பாக்கலீங்க. சொன்னதுக்குப் பாக்குறேன்" என்பார். ஆறு வருடமும் அப்படியே பார்த்தார். ஒருமுறை மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றபோது, மறையூரிலிருந்து ஜீப் பிடித்து, சேறு அப்பிய செருப்போடு வந்து சேர்ந்தார்.

அடக்கத்துக்கு முருகேசனின் ஜீப்பில்தான் போனோம். உடுமலை, பொள்ளாச்சி வழியாக வாளையார் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. சோதனைச்சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவர் வீட்டு வாசல்வரை அந்த இரைச்சல் கேட்டது. வாழ்நாளெல்லாம் இந்தச் சத்தத்தில் இருந்தவர் எப்படி இருட்டறையில் அத்தனை மெதுவாகப் பேசப் பழகினார் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். செல்வராணி அவர் காலைத் தொட்டுவிட்டு என்னருகே வந்து நின்றாள். அவளிடம் ஒன்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. டாக்டருடைய விஷயத்தில் உனக்கு முன்கூட்டியே ஏதாவது தெரிந்ததா? கேட்கவில்லை. தெரிந்தது என்று அவள் சொல்லியிருந்தால், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நோட்டைத்தான். இப்போது நான்காவது நோட்டு நடக்கிறது. பெரும்பாலான பக்கங்களில் ஒன்றுமில்லை. பயம், நெஞ்செரிச்சல், மாமியார் சொன்ன கனவு. தாய்மார் சொன்னதில் பலதும் பலிக்கவில்லை என்பதையும் டாக்டர் அந்தப் பக்கங்களிலேயே தன் கையால் குறித்திருக்கிறார். வியக்கவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், கேட்டு எழுதினால் போதும் என்பது அவர் கட்டளை. அந்த வேலையை நான் விடப்போவதில்லை.

இந்த மாதம் ரோசினியின் முறை. புது டாக்டர் வந்திருக்கிறார், நல்லவர். பழைய அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, அவரும் பார்ப்பதாகச் சொன்னார். குழந்தை தானே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. அதன் உடம்பில் தழும்பு என்று இருப்பது தொப்புளில்தான். வயிற்றில் என்ன எடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்று குழந்தையிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை என்று செல்வராணி முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். நான் நோட்டைத் திறந்து கேட்டேன். "உனக்கு என்ன தோணுது பாப்பா?"

ரோசினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு அடிவயிற்றின் இடப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க யாரும் இல்ல" என்றாள்.

அதை அப்படியே எழுதி, நேரத்தைப் போட்டேன்.